சாகாத கம்பெனி

அன்புள்ள கூட்டாளிக்கு,

கடைசல் மிஷின் ஓட்டிய நான் சொல்லச் சொல்ல, பதிவு அலுவலக வாசலில் டைப் அடிக்கும் தங்கச்சி எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த வருடம். உன் பேரன் படியில் உருண்டு முன்பல்லை உடைத்துக்கொண்டதும் அப்போதுதான். நம் ஆஸ்பத்திரிக் கட்டில் பட்டறை முதலாளி கண்ணை மூடினார். தனித்தனி ஆளுக்குக் கொட்டகையை விட மாட்டேன், கம்பெனியாகப் பதிந்து வந்தால் மிஷின்களோடு தருகிறேன் என்றாள் அவர் மகள். வெல்டர், பிட்டர், பெயிண்டர் நீ, கடைசல்காரன் நான், நால்வரும் வக்கீல் வீட்டுப் படி ஏறினோம். ஆள் செத்தாலும் கம்பெனி சாகாது என்றார் அவர். “சோறும் கேக்காது, சாகவும் சாகாதா? அப்ப என் மாமியாருக்கு இது தேவலை” என்றான் வெல்டர். நீ சிரித்ததில் வக்கீலின் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

பதிவுக் காகிதம் திரும்பி வருவதற்குள் வெல்டர் செத்துப்போனான். அவன் பெயரையே கம்பெனிக்கு வைத்தோம். அவனுடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள் பதிவு அலுவலகத்தில். “சார், நீங்களே போய் வாங்கிட்டு வாங்க” என்று பிட்டர் கத்தினான். வேறு பெயர் எழுதி அலைந்தோம். போன மாதம் அந்தப் பெயருக்கு அனுமதி கிடைத்தது. அதைப் பார்க்கப் பிட்டர் இல்லை.

கம்பெனி பதிய இரண்டு பேராவது வேண்டுமாம். பக்கத்துப் பட்டறைப் பையன்களைக் கேட்டேன். “தாத்தா, நீங்களே இன்னும் எத்தனை நாளைக்கு?” என்கிறார்கள். இனிக் காத்திருக்க மாட்டேன் என்று முதலாளி மகள் கொட்டகைக் கூரை ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நீ தூரிகை துடைத்த சுவரில் ஆஸ்பத்திரிப் பச்சை அப்படியே இருக்கிறது.

நீ உன் மகளையே அக்கா என்கிறாயாம். “நான் யாரு?” என்று கேட்கிறாயாம். இரண்டாவது ஆளாக உன்னைச் சேர்க்க, வக்கீல் போனில் உன் முகம் பார்த்து உன் பெயர் கேட்பார். மகள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. “அப்பாவால முடியாது, விட்டுடுங்க மாமா” என்று அழுதாள். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். காலையில் கொஞ்சம் தெளிவு வருகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அம்மாடி, காலையில் அப்பாவுக்கு இதை மெதுவாகப் படித்துக் காட்டு.

கூட்டாளி, நீ நல்லா இருக்கணும். முதலாளி போனார். வெல்டர் போனான். பிட்டரும் போனான். என்னைக் கணக்கில் சேர்க்காதே. இன்னும் ஒருவன் உயிரோடு இருக்கிறான். கட்டிலுக்குப் பச்சை அடித்துக்கொண்டே சீட்டியடிப்பவன்.

பட்டறையில் அவனைக் குருவி என்று கூப்பிடுவோம்.