மாமா விரலில் மாட்டிய கிளிப்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

சிகரெட்டை நிறுத்த உங்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறாரே, அந்த டீச்சர் போன் செய்தார். அவர் கொடுத்த கிளிப்பை விரலில் மாட்டினால், போன் திரையில் ஓடுகிற மூச்சுக் கோடு அவருக்கும் தெரியுமாம். "உங்க வீட்டுக்காரர் மாதிரி அமைதியா மூச்சு விடுறவரை நான் பார்த்ததே இல்லைங்க. வயசானவர் அசந்து தூங்குற மாதிரி இருக்கு. நேர்ல பார்க்கணும்" என்றார். சாயங்காலம் வருகிறார்.

நீங்கள் பால்கனியில் ஊதித் தள்ளுவதற்காக, தூங்குகிற உங்கள் அப்பா விரலில் கிளிப்பை மாட்டிவிட்ட கதையை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். மாமாவிடம் நான் சொல்லிவிட்டேன். "அப்போ நான் பாஸா?" என்று கேட்கிறார்.

செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் தேட வேண்டாம். சிகரெட் பாக்கெட் என் கைப்பையில் இருக்கிறது. வெளியே போனால் பூட்டுவதற்கு வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

பி.கு.: கிளம்பும் முன் நானும் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். கோடு சாதுவாகத்தான் போனது. உள்ளே நீங்கள் தூக்கத்தில் இருமினீர்கள். உடனே என் கோடு திரையின் உச்சிக்கே போய் முட்டியது. டீச்சர் கேட்டால், பயத்தில் இல்லை, கோபத்தில் என்று சொல்லிவிடுங்கள்.