ஐந்தரை மணிப் பேருந்தும் முப்பத்து நான்கு நாள் நாற்றும்

அனுப்புநர்:
பாசன வாய்க்காலின் கடைசி வயல்காரர்
(நெல், ஒன்றரை ஏக்கர்)

பெறுநர்:
உயர்திரு கிளை மேலாளர் அவர்கள்,
பேருந்துப் பணிமனை

பொருள்: காலை ஐந்தரை மணிப் பேருந்து, நடவு முடியும்வரை பத்து நாட்களுக்கு எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் செல்ல வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பேருந்தை விடக் கோரி ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுவைத் தேடி எடுத்தால் அதன் கையெழுத்தும் இதன் கையெழுத்தும் ஒன்றாக இருக்கும். கத்தரிக்காயை வாடாமல் நகரத்துச் சந்தையில் சேர்க்க, விடிவதற்குள் ஒரு பேருந்து வேண்டும் என்று மூன்று முறை எழுதினேன். நான்காம் முறை தங்கள் அலுவலக வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போனேன். ஊரே என்னைப் பாராட்டியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்பதை இப்போது பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன்.

1. முன்பு என் வரப்பில் நின்று பார்த்தால் நகரத்தின் வெளிச்சம் மட்டும் தெரியும். இப்போது மாடிகளை எண்ணலாம். அத்தனை மாடிகளையும் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் அல்லவா? பேருந்தில் முதலில் கூடைகள் போயின. பிறகு கூடைகளோடு ஆட்கள் போனார்கள். இப்போது ஆட்கள் மட்டும் போகிறார்கள். நடவுக்கு வரும் பெண்கள் பதினோரு பேரும் ஐந்தரைக்கு ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் இறங்குகிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அங்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அந்தப் பதினோரு பேரில் என் மனைவியும் ஒருவர்.

2. எங்கள் பக்கத்தில் உழுவது, நாற்றுப் பறிப்பது, பறித்ததைக் கட்டுக் கட்டாக முடி கட்டி வயலில் வீசுவது ஆண்கள் வேலை. நடுவது பெண்கள் வேலை. யார் வகுத்தார்களோ தெரியாது, நானும் கேட்டதில்லை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல் என்னுடையது என்பதால் நடவிலும் என் முறை எப்போதும் கடைசிதான். இந்த ஆண்டு எனக்கு முன்னால் இருப்பவர்கள் ஆள் கிடைக்காது என்று நிலத்தைச் சும்மா போட்டுவிட்டார்கள். நான் மட்டும், எப்படியும் வந்துவிடுவார்கள் என்று விதை விட்டேன்.

3. நாற்றை இருபத்தைந்து நாளில் நட வேண்டும். முப்பதைத் தாண்டினால் கணு விட்டுவிடும். நட்டாலும் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டாது. இன்று அதன் வயது முப்பத்து நான்கு. இது பற்றி விசாரிக்க வந்தபோது, நடவு இயந்திரம் வைத்துக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலக எழுத்தர் அன்போடு கேட்டார். அதற்கு ஆரம்பத்திலேயே நாற்றைத் தட்டில் வளர்த்திருக்க வேண்டும். சேற்றில் வளர்ந்த என் நாற்றை இயந்திரம் தொடாது.

4. தனி ஆள் மனு செல்லாது, பயணிகள் பத்துப் பேராவது கையெழுத்திட வேண்டும் என்றும் எழுத்தர் சொன்னார். பயணிகள் என்றால் நான் தேடுகிற அதே ஆட்கள்தான். ஆகவே இரண்டு தாள்களோடு ஐந்தரைப் பேருந்தில் ஏறினேன். முதல் தாளில் நாற்று வீணாவதை எழுதியிருந்தேன். இரண்டாம் தாளில் பேருந்து நிற்க வேண்டாம் என்ற கோரிக்கை. நடவில் முதல் ஆளாக இறங்கும் அக்கா இப்போது ஒரு மருத்துவமனையில் படிக்கட்டு துடைக்கிறார். அவர் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு, "நாத்து வீணாப் போகுதுன்னு எழுதினதுல போடறேன் தம்பி. அதப் பாத்தா எனக்கும்தான் வயிறு எரியுது. பஸ்ஸு வேணாங்குற தாள எங்கிட்ட நீட்டாத" என்றார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவியும் முதல் தாளில் கையெழுத்திட்டார். இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்து, "ஒரு நாள் குனிஞ்சு நட்டுட்டு வந்து கேளுங்க" என்றார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

5. நட்டேன் ஐயா. இரண்டு நாள் நட்டேன். கூட வந்த என் தம்பி அரை நாளில் கழன்றுகொண்டார். வரிசை கோணிப் போய், நட்டதில் பாதி மிதந்துவிட்டது. வயலில் ஒரு மூலைகூட நிறையவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக என் மனைவி இடுப்பு வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் தைலம் வாங்கிக் கொடுத்து என் கடமை முடிந்தது என்று இருந்திருக்கிறேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எனவே இரண்டாம் தாளில் இருந்த ஒரே கையெழுத்தையும், அதாவது என்னுடையதையும், அடித்துவிட்டேன். மேலே முன்கூட்டியே எழுதிவைத்த பொருள் வரியைத் தாங்கள் படிக்காததாகவே கொள்ளவும். திருத்தி எழுத வேறு தாள் இல்லை. பதினோரு பேர் கையெழுத்திட்ட முதல் தாளின் மீது மட்டும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். அது என்ன நடவடிக்கை என்று எனக்குத் தெரியவில்லை. தங்களுக்கும் தெரியாவிட்டால் அதையாவது ஒரு வரி எழுதி அனுப்பவும். நாற்றை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிடுகிறேன்.

இதை நான் நேரில் வந்து தருவதே முறை. இடுப்பு நிமிரவில்லை. நாளைக் காலை ஐந்தரை மணிப் பேருந்தில் என் மனைவி கொண்டுவந்து தருவார். அவரை நிற்க வைக்காமல் வாங்கிக்கொள்ளுமாறு தங்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நாற்றங்கால் வரப்பு
நாள்: நாற்றுக்கு முப்பத்து நான்காம் நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
கடைசி வயல்காரர்

இணைப்பு: தாள் 1 (பதினோரு கையெழுத்துகளுடன்), தாள் 2 (அடிக்கப்பட்டது)