கழற்றாமல் விட்ட ஜன்னல்

என் கண்ணாடிக்காரருக்கு,

குண்டு விழ ஆரம்பித்ததும், நீங்கள் மாட்டிய ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் நானே கழற்றிப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். "அப்பா வேலையை அம்மா பிடுங்கிட்டாங்க" என்று சின்னவள் சிரிக்கிறாள்.

பெரியவளின் படிப்பு மேசைக்கு எதிரே இருந்ததை மட்டும் கழற்றவில்லை. "இது ஒண்ணு இருக்கட்டும்மா, படிக்க வெளிச்சம் வேணும்" என்று கெஞ்சினாள். நானும் போனால் போகிறதென்று விட்டேன்.

இப்போது அதுவும் இல்லை. வீட்டில் காற்றுக்குக் குறைவில்லை.

பெரியவள் ஏன் இரண்டு வரி எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். வியாழக்கிழமை கண்கட்டை அவிழ்க்கிறார்கள். "அப்பா எதிர்ல நின்னாதான் கண்ணைத் திறப்பேன்" என்று அடம்பிடிக்கிறாள். டாக்டரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாலம் இன்னும் நிற்கிறதாம். புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி