அண்ணன் அனுப்பிய பை

செப்டம்பர் 28

கூரியர்காரர் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "உள்ள இன்னாம்மா, அம்மிக்கல்லா?" என்று கேட்டார்.

பிரெஞ்சு நாட்டுத் துலூஸிலிருந்து ஆரிப் அண்ணன் அனுப்பியது. அண்ணன் ஊருக்கு வந்து நாலு வருஷமாகிறது. பெட்டி மட்டும் தவறாமல் வருகிறது.

பிரித்தால் பச்சை நிறத்தில் ராணுவப் பை. உடம்பெல்லாம் வார், வளையம், சின்னச் சின்னப் பாக்கெட். உள்ளே சுருக்குக் கத்தி, மடக்குக் கோடரி, நைலான் கயிறு, நெற்றியில் கட்டும் விளக்கு, குட்டை நீரையும் குடிநீராக்கும் குழாய், ரத்தம் வழிந்தால் இறுக்கிக் கட்டும் பட்டை, வெள்ளித்தாள் போர்வை, கையடக்க அடுப்பு, திசைகாட்டி. எங்கள் உப்பளம் பகுதியில் திசைகாட்டி எதற்கு? கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் பஸ் ஸ்டாண்டு. இது தெரியாத ஆள் இங்கே பிறக்கவே இல்லை.

போன வருஷப் புயலில் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் முட்டிவரை வந்து, நானும் அத்தாவும் ஒரு பகல் முழுக்கக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தோம். அதை அண்ணன் வீடியோவில் பார்த்தான். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குப் பயம். பேரிடரில் பிழைப்பது எப்படி என்று இணையத்தில் யார் யாரோ பேசுவதை உட்கார்ந்து கேட்கிறான். கேட்டுக் கேட்டு வாங்கினதுதான் இவ்வளவும்.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி, காலேஜ் ஆபீஸ் லீவு.

அத்தா காலையிலிருந்து அந்தப் பையோடுதான் இருக்கிறார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர். எழுபத்தேழு வயதாகிறது. அம்மா மவுத்தான பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் டிவியைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதர். இடது கால் அவர் பேச்சைக் கேட்டு ரொம்ப நாளாகிறது, கைத்தடி இல்லாமல் நிற்க முடியாது. இன்றைக்கு நான் சொல்லாமலே முகச்சவரம் செய்திருக்கிறார். பையை அவர் 'சாக்' என்கிறார். பிரெஞ்சில் அப்படித்தானாம். ஒவ்வொரு சாமானாக எடுத்துத் துடைத்து, எது மேலே, எது அடியில் என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்.

"ஆரிப் வெவரமாத்தான் வாங்கியிருக்கான்மா" என்றார்.

ஆமாம், வெவரமானவன்தான். இங்கே இருந்து பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அக்டோபர் 5

பையை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மாடியில் கோவிந்தராசு அண்ணன், சின்னப்பாப்பா அக்கா குடித்தனம். படிக்கட்டு வீட்டுக்கு வெளியே. வாசலில் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றித்தான் ஏற வேண்டும். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. மேலே போய்ச் சேர்ந்ததும் சின்னப்பாப்பா அக்கா கேட்டாள்: "எந்த ஊருக்கும்மா சண்டைக்குப் போற?"

சிரித்தேன். ஆனால் கீழே வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. தண்ணீர் வந்தால் இதைத் தூக்குவேனா, அத்தாவைத் தாங்கிக் கூட்டிப் போவேனா? எனக்கு இருப்பது ஒரு முதுகு. அதுவும் பத்து வருஷம் ஸ்கூட்டரில் லாஸ்பேட்டை காலேஜுக்குப் போய் வந்து தேய்ந்த முதுகு.

குறைக்க வேண்டும். மாத்திரை, விளக்கு, அத்தாவின் பென்ஷன் காகிதம், கொஞ்சம் பேரீச்சம்பழம், தண்ணீர். வேறென்ன வேண்டும்?

அக்டோபர் 9

அண்ணன் வீடியோவில் வந்தான். பையைக் கேமரா முன்னால் வைக்கச் சொல்லி ஒவ்வொரு பாக்கெட்டாகத் திறக்கச் சொன்னான். ஏர்போர்ட்டில் சோதனை போடும் ஆசாமி மாதிரி.

"எதையும் எடுத்துடாத ஸமீஹா. எல்லாம் யோசிச்சுதான் வச்சிருக்கேன்."

"நீ யோசிச்ச. நான்தான தூக்கணும்."

"ஒரு தடவதான தூக்கப் போற."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீ எப்பண்ணே வர்ற?" என்று கேட்டுவிட்டேன். மார்ச்சில் பார்க்கலாம் என்றான். போன வருஷமும் மார்ச்தான். அத்தா பையின் ஜிப்பை மூடினார், பிறகு திறந்தார், மறுபடி மூடினார்.

அக்டோபர் 13

மழை. வாய்க்காலை இன்னும் யாரும் தூர்வாரவில்லை.

அக்டோபர் 19

அத்தா லுஹர் தொழுதுவிட்டுத் தூங்கும்போது கோடரி, அடுப்பு, திசைகாட்டி மூன்றையும் எடுத்துப் பீரோவில் துணிக்குப் பின்னால் வைத்தேன். பை கொஞ்சம் தூக்குகிற மாதிரி ஆனது. சாயங்காலம் டீ கொண்டுபோகிறேன், மூன்றும் பழையபடி பைக்குள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு பீரோவரைக்கும் போய்த் தேடி எடுத்திருக்கிறார்.

"கோடாலி எதுக்கு அத்தா? உப்பளத்துல எந்தக் காட்ட வெட்டப் போறோம்?"

"புள்ள கடைகடையா ஏறி எறங்கி வாங்கியிருக்கான். எடுத்து வச்சா அவன் மனசு என்ன ஆவும்?"

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேம்மா."

அந்தப் பையில் இருப்பது அவருக்குச் சாமான் இல்லை, மகன். மகனை எப்படிப் பாதியாகக் குறைப்பது? எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்திலேயே கிடப்பவள் நான். எனக்காக அவர் எதையும் துடைத்து அடுக்கினதில்லை. — சே, இப்படி எழுதக் கூடாது. ஆனால் எழுதிவிட்டேன்.

நவம்பர் 2

இன்று ஒத்திகை. சொல்தா உத்தரவு போடுகிறார், மகள் கீழ்ப்படிகிறாள்.

"மொதல்ல சாக். அப்புறம்தான் ஆளு. மூட்டைய விட்டுட்டு ஓடுனவன் ரெண்டு நாளு தாங்க மாட்டான். எங்க கார்ப்பரால் சொல்லுவாரு."

பையை மாடியில் வைத்துவிட்டு ஓடி வந்து, அவர் கையை என் தோளில் போட்டு, சந்து வழியாக ஒவ்வொரு படியாக ஏற்றினேன். மேலே போனதும் மொட்டைமாடிக் காற்றில் நின்று சல்யூட் அடித்தார். சின்னப்பாப்பா அக்கா கைதட்டினாள். அத்தா இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். காய்ந்த தரையில் எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 21

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். டிவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

நவம்பர் 23

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள்: வாய்க்கால் ஓரத்து ஜனங்கள் பள்ளிக்கூட முகாமுக்குப் போக வேண்டும். கோவிந்தராசு அண்ணன் கீழே வந்தார். "அத்தாவ இப்பவே ஆட்டோல ஏத்திடலாம்மா. மழ புடிச்சுக்கிச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அத்தா பையைக் காட்டினார். "நம்மகிட்ட எல்லாம் இருக்கு தம்பி. ஒண்ணுமில்லாதவன் போவட்டும், எடமாவது கெடைக்கும்."

நான் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூஸை நினைத்தேன், அவர் காலை நினைத்தேன், மாடி இருக்கவே இருக்கிறது என்று நினைத்தேன். நெஜத்தைச் சொன்னால் அந்தப் பையைப் பார்த்து எனக்கும் ஒரு தெம்பு வந்திருந்தது. கிண்டல் பண்ணிப் பண்ணி நானும் அதை நம்ப ஆரம்பித்திருக்கிறேன்.

நவம்பர் 26

ஆஸ்பத்திரி பெஞ்ச். எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

முந்தாநாள் விடிகாலை. அத்தா நாற்காலியில் உட்கார்ந்து ஃபஜ்ரு தொழுது சலாம் கொடுத்தார், நான் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், தரையில் தண்ணீர். தொழுகைப் பாயைச் சுருட்டுவதற்குள் கணுக்கால் தாண்டிவிட்டது. கரண்ட் இல்லை. போன வருஷம் மெதுவாக வந்தது, இந்த முறை வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. வாசலைத் திறந்தால் சந்தில் தண்ணீரின் இழுப்பு தெரிகிறது.

"அத்தா, மொதல்ல நீங்க வாங்க."

"சாக்க எடுத்துட்டுப் போ. நான் நிக்கிறேன்."

"அது கெடக்கட்டும் அத்தா —"

"சொன்னத செய்யி. புள்ள அனுப்புனது நனையக் கூடாது."

செய்தேன். ஏன் செய்தேன்? ஒத்திகையில் அப்படித்தானே செய்தோம். கால் தானாகப் போய்விட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினேன். படியில் ஏறும்போது பையின் வளையம் ஒன்று கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அத்தனை வளையம் எதற்கு ஒரு பைக்கு? முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கழற்றி எறிந்திருக்கலாம். நான் நின்று அதை விடுவித்துக்கொண்டிருந்தேன். பாவி, நின்று விடுவித்துக்கொண்டிருந்தேன்.

நான் வரத் தாமதமானதைப் பார்த்து, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவரே இறங்கியிருக்கிறார்.

திரும்பி வந்தபோது சந்துச் சுவரில் சாய்ந்து, கழுத்துவரை தண்ணீரில் கிடந்தார். கைத்தடி போய்விட்டது. கோவிந்தராசு அண்ணனும் நானும் தூக்கினோம். அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "கால் இல்லம்மா, கால் எங்கயோ போயிடுச்சி" என்றார்.

மாடியில் அவர் ஈரத்தைத் துடைத்து, பையிலிருந்த வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றினோம். நடுக்கத்திலும் அதைப் பார்த்து, "பிரியாணி பார்சல் கட்டிட்டீங்களே" என்றார். சின்னப்பாப்பா அக்கா சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதாள். மதியத்துக்கு மேல் படகு வந்தது. கோடரியும் அடுப்பும் திசைகாட்டியும் பையோடு அப்படியே மூலையில் இருந்தன. குடிக்கத் தண்ணீர் மாடி வீட்டுக் குடத்தில் இருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது.

நவம்பர் 29

சளி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். ஆபரேஷனைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். சந்துத் தண்ணீரைக் குடித்திருப்பார் என்று டாக்டர் சொல்கிறார்.

கண் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "சாக் எங்கம்மா?"

"மாடியில பத்திரமா இருக்கு அத்தா."

"நனையலயே?"

"நனையல."

அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான். இப்போது லீவு கிடைக்கிறது.

டிசம்பர் 3

அத்தா இன்று காலை மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி.

டிசம்பர் 4

நேற்றே அடக்கம் செய்துவிட்டோம். அண்ணன் பாரிஸ் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து, "ஒரே ஒரு நாள் வச்சிருக்க முடியாதா, ஐஸ் பெட்டி வச்சு?" என்று கெஞ்சினான். ஜமாஅத்தில் கேட்டேன். மய்யித்தைக் காக்க வைக்காதீர்கள் என்றார்கள், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள். அஸர் தொழுகை வரைக்கும் பொறுத்தோம். மய்யித்துக் கட்டிலைத் தூக்கும்போது அதன் முன்கால் பிடிக்க வேண்டிய மகன் ஆகாயத்தில் எங்கேயோ இருந்தான். கோவிந்தராசு அண்ணன் தொப்பி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு கபர்ஸ்தான் வாசல்வரை தோள் கொடுத்தார்.

வரட்டும் அவன். சொல்லிவிடுவேன். உன் பையைத் தூக்கப் போனதால்தான் அத்தாவை விட்டேன் என்று. நீ ஒரு தடவை வந்திருந்தால் அவர் அந்தக் கோடாலியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க மாட்டார் என்று. படுத்தபடியே வாக்கியங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றையும் விடமாட்டேன்.

டிசம்பர் 5

அண்ணன் வந்தான். மாறி ஏற வேண்டிய விமானம் ஒரு நாள் தாமதமாம். முன்னந்தலை முழுக்க வழுக்கை. வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது கையில் ஒன்றுமே இல்லை. மாற்றுத் துணிகூட எடுத்து வரவில்லை. நேராகக் கபர்ஸ்தானுக்குப் போய்விட்டு இருட்டினபிறகு வந்தான். அத்தாவின் பழைய கைலியைக் கொடுத்தேன், கட்டிக்கொண்டான்.

இன்று எப்படிச் சொல்வது. நாளைக்குச் சொல்வேன்.

டிசம்பர் 8

வீட்டில் இன்னும் சேற்று நாற்றம் போகவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு. அதைப் பார்த்தபடி அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். சின்னப்பாப்பா அக்கா மாடியிலிருந்து பையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ரொம்ப நேரம் அதைத் தொடவில்லை. பிறகு மடியில் தூக்கி வைத்து, ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். போர்வை தவிர, அத்தா அடுக்கின அடுக்கு அப்படியே இருந்தது.

"பை உதவுச்சா ஸமீஹா?"

தலையைத் தூக்கிக் கேட்டான். மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடாத முகம். நான் அடுக்கி வைத்த வாக்கியங்கள் எல்லாம் வாயில் வந்து நின்றன. அவன் கண்ணைப் பார்த்தேன். துலூஸுக்குத் திரும்பிப் போய், ராத்திரி தூங்க இந்தக் கண்ணை மூட வேண்டியவன் இவன்தானே.

"உதவுச்சுண்ணே. அத்தாவுக்குக் குளிரே தெரியல."

"பாரமா இருந்துச்சா? உன்னால தூக்க முடிஞ்சுதா?"

"ஒரு பாரமும் இல்ல. சுலபமா தூக்கிட்டேன்."

அவன் அந்தத் திசைகாட்டியைக் கையில் வைத்து மூடிமூடித் திறந்தான். "நீ இதெல்லாம் எடுத்து வெளிய வச்சிருப்பன்னு நெனச்சேன்" என்றான்.

"நான் வச்சேன். அத்தாதான் திரும்ப எடுத்து உள்ள வச்சாரு. புள்ள வாங்குனதுன்னு ஒண்ணயும் விடல."

அண்ணன் பையைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். இன்றைக்கு அவனிடம் சொன்னதில் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் நிஜம்.