நாலந்தாவிலிருந்து நாவுல வரை நீங்கள் பேசியது

மச்சான்,

முற்றத்தில் உங்கள் மகன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் பார்க்கிறான். காலையிலிருந்து உதைக்கிறான். அது இருமுகிறதே தவிர எழும்புவதாக இல்லை. பெற்றோல் வாசம் மட்டும் ஜன்னல் வழியாக வந்து அறையை நிறைத்துவிட்டது. நான் இத்தாவில் இருக்கிறேன்; புருஷன் மவுத்தாகி விதவையான பெண் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டிய நாட்கள் இன்னும் முடியவில்லை. மகனைக் கூப்பிட்டு, பெற்றோல் குழாயை முதலில் திறந்தாயா என்று கேட்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு இளந்தாரிகள் கூட்டமாக நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வாசத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மவுத்தானவருக்குக் கடிதம் எழுதலாம் என்று எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை. யாசீன் ஓதுகிறேன், துஆ கேட்கிறேன். அதிலெல்லாம் கேட்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டேன், நீங்கள் சிரித்தே சமாளித்துவிட்டீர்கள்.

இந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தது சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விட்டுப்போன வண்டி. அப்போதே கிழம்தான், யுத்தத்துக்கு முந்தியது. இடப்பக்கம் தொட்டில் போல ஒரு சைட்கார். மிளகும் கராம்பும் ஏற்றிக்கொண்டு மாத்தளைக் கடைக்கு வரத் தோதாக இருக்கும் என்று மாமியிடம் சொல்லித்தான் வாங்கினீர்கள். மாமி உங்களுக்கு உம்மா, எனக்கு வாப்பாவின் தாத்தா, அதாவது அக்கா. அதனால் அந்த வீட்டில் எனக்கு அதட்டலும் இரட்டிப்பு, செல்லமும் இரட்டிப்பு.

அந்த சைட்கார்ப் பெட்டியில் பாரமில்லாமல் இடப்பக்கம் திரும்பினால் அதன் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பிவிடும். முதல் நாள் அப்படித்தான் பள்ளிவாசல் சந்தியில் ஒரு பூசணிக்காய் வண்டிலோடு சலாம் சொல்லிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு மிளகு மூட்டையைப் பெட்டியில் உட்கார வைத்துப் பழகினீர்கள். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது மிளகு மூட்டை என்பதை நான் மறக்கவில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெருநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். புடவை கேட்பேன் என்று நினைத்திருப்பீர்கள்.

"சீகிரியவப் பாக்கணும்" என்றேன்.

"அது வெறும் கல்லு, மச்சி."

"கல்லுக்கு மேல ராஜா ஊடு கட்டி ஈந்தாராம். மேலுக்குத் தண்ணி எப்படிப் போனிச்சி?"

நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். அந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது ஐந்தாம் வகுப்பிலிருந்து. சரித்திரப் புத்தகத்தில் அந்தக் கல்லின் படம் இருந்தது, சுற்றிலும் ஒரு நகரமே இருந்ததாக எழுதியும் இருந்தது. தண்ணீர் எப்படி என்று எழுந்து கேட்டேன். டீச்சர் உட்காரச் சொன்னார். அடுத்த மாதம் நான் பெரியவளானேன், பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் பார்த்த உலகமெல்லாம் திரை கட்டிய வண்டிலின் இடுக்கால் பார்த்ததுதான்.

என் தண்ணீர்க் கேள்வியையும் சொல்லி மாமியிடம் நீங்கள் கேட்டபோது நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"கொமருப் புள்ள மாதிரி ஈக்கிறவள தொறந்த பெட்டியில வெச்சி பஜாரால கொண்டுபோறயா? நல்லா ஈக்கி!"

"அப்ப மூடிக் கொண்டுபோறேன் உம்மா."

மாமி, "வண்டிலுக்குக் கட்டுற மாதிரித் திரை கட்டு. பொழுதுபட்டு மஹ்ரிபு வாறதுக்கு முந்தி ஊட்டுல நிக்கணும். இது ஒண்டுதான். இன்னொரு பயணம் எண்டு வாய் தொறக்கப்படாது" என்றார். ஆயுசுக்கு ஒரு தடவை என்பதுதான் தீர்ப்பு. அந்த ஒன்று கெட்டுப்போனால் கேள்வி கேள்வியாகவே என்னோடு மண்ணுக்குள் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பச்சைச் சீத்தைத் துணியில் திரையை நானே தைத்தேன். முன்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தையலை விட்டுவிட்டேன். மாமி அதைத் தூக்கிப் பார்த்தார், மடித்துக் கொடுத்துவிட்டார். அவர் கண்ணுக்கு அது படவில்லை என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை.

புறப்பட்ட காலை நினைவிருக்கிறதா? வீட்டு வாசல்படியிலேயே நான் ஏறி உட்கார்ந்தேன், மாமி திரையைச் சுற்றிக் கட்டினார். ஊரெல்லையில் அலுவிகாரை தாண்டும்வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் இடது சப்பாத்தும் ஓடுகிற தாரும்தான். காற்று பிடித்ததும் திரை உப்பியது, முகத்தில் அறைந்தது. வாயைத் திறந்தால் சீத்தை வாய்க்குள் போனது. ஊர் பார்க்கப் போகிறவள் ஊறுகாய் போல அடைபட்டுக் கிடந்தேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன், மச்சான். இடுக்கில் ஒரு கொக்கோ மரம் வந்தாலும் அதை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தேன்.

நாலந்தாவில் வண்டி திக்கியது. நிறுத்திவிட்டு, பிளக்கைத் துடைக்க ஒரு மண்ணெண்ணெய்த் துணி கேட்டு எதிர்க்கடைக்குப் போனீர்கள். நான் இடுக்கால் பார்த்தேன். வயலுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது. அதன் கோடியில் கறுத்த கல்லால் ஒரு சின்னக் கட்டடம், நெற்கதிருக்கு நடுவில் தனியாக நின்றது. வீடா, கோயிலா, யாருடையது, ஏன் வயலுக்கு நடுவில்? ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று மறுபக்கத்தால் இறங்கிவிட்டேன். அது கிட்டத்தில் இருப்பது போலத்தான் தெரிந்தது.

மிச்சத்தை நீங்கள் பிறகு சொல்லித்தான் அறிவேன். பிளக்கைப் பூட்டினீர்கள். திரையைப் பார்த்து, "போவமா?" என்றீர்கள். பக்கத்தில் கடைக்காரர் நின்றார். அந்நிய ஆண் நிற்கும்போது நான் குரல் காட்டமாட்டேன், நீங்களும் திரையை விலக்க மாட்டீர்கள். வீதியில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம்மில் கிடையவே கிடையாது. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு வண்டியை உதைத்தீர்கள். அன்றைக்கென்று அது முதல் உதையிலேயே எழும்பியது.

நான் பாதிப் பாதையில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கத்தினேன். வண்டி போட்ட இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பச்சைத் திரை உப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது.

பயந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆயுசில் முதல்தடவையாக வீட்டு ஆள் ஒருவரும் இல்லாத இடத்தில் நின்றேன். மாமிக்குத் தெரிந்தால் என்னவாகும்? வீதியில் நின்றால் கடைக்காரர் பார்ப்பார். வேறு போக்கிடம் இல்லாமல் அந்தக் கட்டடத்தடிக்கே போனேன். போனதும், என்ன செய்ய, பார்க்கத் தொடங்கிவிட்டேன். கல்லில் குள்ளர்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். ஒருவர் அச்சாக உங்கள் சின்ன மாமாதான். அடிப்பக்கம் ஒரு சிற்பத்தைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். பிறகு யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

யாரும் இல்லாமலில்லை. வரப்பில் கிளி விரட்டிக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி சிரித்தாள். என் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன்.

"மஹத்தயா திரும்பி வருவாரா?" என்று உங்களைப் பற்றிக் கேட்டாள்.

"வருவார். பெட்டியில் ஆள் இல்லையென்று தெரிந்தால் வருவார்."

அவள் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள், அடக்கமாட்டாமல் நானும் சிரித்தேன். ஒரு கெக்கிரிக்காயை உடைத்துப் பாதி தந்தாள். இந்தக் கட்டடம் யார் கட்டியது என்று கேட்டேன். யாரோ கட்டினார்கள், நமக்கு மழைக்கு ஒதுங்க உதவுகிறது என்றாள்.

அந்த நேரத்தில் நீங்கள் நாவுலையை நெருங்கிக்கொண்டிருந்தீர்கள். வழி நெடுகத் திரையோடு பேசிக்கொண்டே போயிருக்கிறீர்கள். வீட்டில் மாமிக்கு முன்னால் என்னோடு நாலு வார்த்தை சேர்த்துப் பேசக் கூசுகிற ஆள் நீங்கள். ஒரு இடப்பக்க வளைவில் பெட்டி எழும்பியதாம். அப்போதுதான் திரையை விலக்கியிருக்கிறீர்கள். உள்ளே இடியப்பப் பொட்டலமும் என் குடையும் இருந்தன. நான் எங்கேயோ வளைவில் விழுந்துவிட்டேன் என்று நினைத்தீர்கள். வீதியோர வடிகால் காணில் எட்டிப் பார்த்துப் பார்த்து வண்டியைத் திருப்பி வந்தீர்கள். வழியில் நின்றவர்களிடம் விசாரித்தால் அவர்கள் என்ன நிறப் புடவை என்று கேட்டார்களாம். உங்களுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லையே.

வயலில் இறங்கி என் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள். பட்டப்பகலில், கடைக்காரர் கேட்க, கிளியெல்லாம் எழும்பிப் பறக்க. என் பெயரை அவ்வளவு சத்தமாக நான் அதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை. கெக்கிரிக்காயும் கையுமாக எழுந்து நின்றேன்.

ஏசுவீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் வந்து வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தீர்கள். கண் சிவந்திருந்தது. அழுதுகொண்டு வந்திருக்கிறீர்கள்.

"மெய்யாவே பயந்திட்டேன் மச்சி."

"தூரம் போன பொறகா தெரிஞ்சிச்சி?"

"பேசிக்கிட்டே போனேன். கடைசியா ஒங்ககிட்ட ஒண்டு கேட்டேன். நீங்க சத்தம் காட்டல்ல. சரியெண்டு எடுத்துக்கிட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

உங்கள் முகம் ஒரு மாதிரியானது. "உடுங்க, அது போச்சி" என்றீர்கள்.

நேரம் போய்விட்டது, இனித் திரும்புவோம் என்று சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால், "இன்னும் சீகிரியவுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு எழுந்துபோய் திரையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்து, இருக்கைக்கு அடியில் தள்ளினீர்கள்.

"ஆரும் பாப்பாங்களே?"

"பாக்கட்டும். நீங்க ஈக்கிறீங்களா இல்லையாண்டு எனக்குத் தெரியணும்."

அதற்குப் பிறகு வந்த வழியை என்னவென்று சொல்வது? முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, நிலத்தோடு நிலமாக உட்கார்ந்து, தம்புள்ளைச் சந்தியைப் பார்த்தேன். இனாமலுவையில் திரும்பியதும் காட்டுக்கு மேலே அந்தக் கல்லைப் பார்த்தேன். போய்ச் சேரும்போது பின்னேர அஸர் தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. ஏறி இறங்க நேரமில்லை. "பாதி தூரம் ஏறுவமா, இல்லாட்டி சுத்திப் பாப்பமா?" என்று என்னிடம் கேட்டீர்கள். கல்லை எங்கிருந்தும் பார்க்கலாம், நகரத்தைச் சுற்றினால்தான் பார்க்கலாம் என்றேன்.

செடி மண்டிய அகழியோரமாக, மண் மதிலைச் சுற்றி, வண்டில் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனோம். அகழியில் எருமைகள் கிடந்தன. இங்கே சந்தை இருந்திருக்குமா, சலவைக்காரர் எங்கே துவைத்தார், ராஜாவுக்கு மேலே சமைத்தார்களா, கீழே சமைத்துத் தூக்கிப்போனார்களா, போகும்போது சோறு ஆறிவிடாதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "ராஜாவத்தான் கேக்கணும்" என்று நீங்களும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ஆனால் ஒரு செங்கல் குவியல் கண்டால் நான் சொல்லாமலே வண்டியை நிறுத்தினீர்கள். ஒவ்வொரு தடவை புறப்படுமுன்னும் இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

அலுவிகாரைக்கு வந்ததும் திரையை நான்தான் எடுத்துக் கட்டினேன். உங்களுக்கு மனமில்லை. மாமிக்காகத்தான் கட்டினேன். பொழுதுபட்டுப் பள்ளிவாசலில் மஹ்ரிபு வாங்கு சொல்லும்போது வாசலில் நின்றோம். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். கேள்வி மட்டும் அடுத்த நாள் குசினியில்தான் வந்தது.

"மேலுக்குத் தண்ணி எப்படிப் போனிச்சாம்?"

"தெரியா மாமி. ஏற நேரமில்ல."

"அப்ப என்னத்துக்குப் போன?" என்று அகப்பையை வைத்தார். "இன்னொருக்காப் போய்ப் பாத்துட்டு வா. நானும் வாறேன்."

அடுத்த வருஷம் மாமியைப் பெட்டியில் வைத்து நீங்கள் கொண்டுபோனீர்கள், நானும் என் வாப்பாவும் பஸ்ஸில் வந்தோம். உச்சிக்கு ஏறினேன். பாறையில் வெட்டிய குளம், மழைத் தண்ணீர். என் ஐந்தாம் வகுப்புக் கேள்வி தீர்ந்தது.

தீராதது உங்கள் கேள்விதான். தனிவீடு போவோமா என்று கேட்டீர்களா? இல்லை, என் கறியில் உப்புக் கூட என்றா? பிள்ளை பிறந்தபோது கேட்டேன், கடை எரிந்து நாம் இரண்டு பேரும் சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "அது நாவுலயிலயே போச்சி மச்சி" என்று சிரித்தீர்கள். போன மாசி மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்கும்போதும் வெட்கமில்லாமல் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப என்னத்துக்கு?" என்றீர்கள். உதட்டில் அதே சிரிப்பு. விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

இந்த அறையில் உட்கார்ந்து யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. நம் கல்யாணத்துக்கு முன்னால் சம்மதமா என்று வாப்பா வந்து கேட்டார். நான் தலையைக் குனிந்திருந்தேன். கல்யாணமாகாத கொமருப் பிள்ளை பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் பெட்டிக்குள் இருந்திருந்தாலும், நீங்கள் கேட்டதற்கு வாய் திறந்திருப்பேனா தெரியவில்லை. அவ்வளவுதான் எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

இப்போது கேட்க நீங்கள் இல்லை. இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்ன கேட்டிருந்தாலும், மச்சான், எனக்குச் சம்மதம்.