தூங்குகிற பிள்ளையைப் பார்க்கலாம்

பெரம்பலூர்
15-9-1984

பிரியமுள்ள மகள் ஜெயலட்சுமிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் தர்மராஜும் அப்படியே இருக்க அம்மன் துணை. ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒன்றரை வயதில் அம்மா, பூ, காக்கா என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது வாயே திறப்பதில்லை, பகலெல்லாம் சிணுங்கல், சோற்றுத் தட்டு மேலேயே சாய்கிறான், சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். நடை திறக்கும் நாள் பார்த்து நேற்று வெள்ளிக்கிழமை போனேன். சன்னதியில் கை கூப்பினேன், வேண்டுதல் வாயில் வரவில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் கண்ணில் நின்றது. மாப்பிள்ளை செகண்ட் ஷிப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வந்ததும் பிள்ளையை எழுப்பி ஒரு மணி வரை விளையாடுகிறார், அவ்வளவு பாசம் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாயே, அந்த இடம்.

இத்தனை வருஷம் சொல்லாததைச் சொல்கிறேன் அம்மா. நான் அரியலூர் கடைசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது உன்னையும் இப்படித்தான் எழுப்புவேன். தூங்குகிற பிள்ளையை ரசித்தால் கண் பட்டுவிடும் என்பார்கள், எனக்கோ நாள் முழுக்க உன் முகம் பார்க்காத ஏக்கம், அதனால் எழுப்பி உட்கார வைத்துப் பார்ப்பேன். உனக்கு மூன்று வயது. பாலர் பள்ளி பெரியம்மாள் டீச்சர் என்னை வழிமறித்து, "புள்ள பாட்டு சொல்றப்பவே தூங்கி வழியுது, நேத்து சொன்னது இன்னைக்கு ஞாபகம் இல்ல, வூட்டுல தூங்க வுடறீங்களா இல்லையா?" என்று கேட்டார். எம் புள்ளைய வளக்க எனக்குத் தெரியாதா என்று கத்திவிட்டு வந்தேன். அடுத்த வாரம் நீ நடந்துகொண்டே கண் சொருகி வாசற்படியில் விழுந்தாய். உன் நெற்றித் தழும்பு கோழி துரத்தி விழுந்ததால் வந்தது என்று சொல்லி வளர்த்தோமே, அது பொய். பிறகுதான் பஸ் முதலாளியிடம் கெஞ்சிப் பகல் டிரிப் வாங்கினேன். இரண்டு மாதத்தில் நீ பேசிய பேச்சில் வீட்டில் மற்றவர்கள் வாய் திறக்க வழியில்லை.

பேரனுக்கும் இதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. இந்தக் கடிதம் கண்டதுமே டாக்டரிடம் காட்டு, காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல், ராத்திரி எழுப்புவதையும் மறைக்காமல் சொல். அதுவரை பிள்ளையைத் தூங்க விடு. மாப்பிள்ளையைக் கடிந்து பேசிவிடாதே, அவர் ஏக்கம் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு, மாமனார் புத்தி சொல்வதாக நினைக்க வேண்டாம், தப்பு செய்தவன் சொல்கிறேன். விளையாட்டைக் காலையில் வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிற முகத்தையே ஆசை தீரப் பார்க்கட்டும். ஆண்டிமடம் முந்திரியோடு உன் அம்மா காய்ந்த மிளகாயும் கல் உப்பும் முடிந்து பார்சலில் வைத்திருக்கிறாள், கண் பட்டால் விடிந்ததும் சுற்றிப் போடு.

மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். டாக்டர் சொன்னதை அன்றைக்கே ஒரு கார்டில் எழுது, மறக்காதே. பேரன் ஒரு வார்த்தை பேசினாலும் தந்தி கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
வைரக்கண்ணு