மத்தியானம் காணாமல் போன ராஜா

நேற்று பேத்தியின் பள்ளி நாடகத்துக்கு ஒட்டுமீசை வாங்கிவந்தார்கள். பசை டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உன் நினைப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

டி.வி.க்காக எடுத்த அந்தச் சரித்திரத் தொடரில் நீ ராஜா, நான் மந்திரி. திருவிழா நாடகங்களில் நடித்த பழக்கத்தில் நமக்குக் கிடைத்த வேஷம். பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடுதான் அரண்மனை. புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை பார்த்தவர்கள்தான் கலகக்காரர்கள். இரு தரப்பும் பேசக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது என்பது இயக்குநரின் உத்தரவு. பழகிவிட்டால் அரண்மனைக்குள் பாயும்போது முகத்தில் வெறி வராதாம். நமக்கு நடுமுற்றத்து வளவில் தலைவாழை இலை, அவர்களுக்குப் பின்கட்டில் பொட்டலச் சோறு.

கதையில் ராஜாவுக்கு எல்லோர்மேலும் சந்தேகம். எனக்கோ உன்மேல்தான். இலை போட்டதும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாயமாகிவிடுவாய். கேட்டால், "வயிறு சரியில்லப்பா" என்பாய். வயிறு சரியில்லாதவன் பட்டு அங்கியில் ஊறுகாய்க் கறை எப்படி வரும்?

"எங்களுக்கும் இலை போட்டால்தான் அரண்மனையை உடைக்க வருவோம்" என்று சொல்லிவிடக் கலகக்காரர்கள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். வாயைத் திறக்கும் முன்பே விஷயம் படப்பிடிப்பு மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. முன்னால் நின்ற மாயழகுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் பேசாமல் வந்து நடித்துக் கொடுத்தார்கள். மத்தியானம் நீ மாயமானது அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்கத்தான், போட்டுக்கொடுத்தது நீதான் என்று நினைத்தேன். பேச்சை விட்டேன். நீயும் ஏன் என்று கேட்கவில்லை. அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

உன் சாவுக்கு மாயழகு வந்திருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இவன் ஏன் இப்படி அழுகிறான் என்று தாங்காமல் கேட்டே விட்டேன்.

"ராசா தெனமும் எங்க கூடத்தானே பொட்டலத்தப் பிரிச்சுச் சாப்பிட்டாக. எல கேளுங்கடான்னு சொல்லிக்கொடுத்ததே அவுகதான்."

பிறகு நீ ஏன் அதை என்னிடம் மறைத்தாய் என்று அவனிடம் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்க மேனேஜர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறீக, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாக. நீங்கதான் சொல்லிட்டீகன்னு கடைசி வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தாக."

ஒரே தெருவில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனை வருஷம் நடந்திருக்கிறோம்! சத்தியமாக நான் சொல்லவில்லை. யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. நீ என்மேல் வைத்திருந்த சந்தேகத்தை இப்போது நான்தான் சுமக்கிறேன். நீ உயிரோடு இருக்கும்போதே நான் வந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா? அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.